தன்னிரைச்சல்: உள்நாட்டு மைக்குகளின் விவரத்தாளுக்கு ஒரு சொல்

நண்பர்களே,

உள்நாட்டு மைக்குகளுக்குத் தமிழில் விவரத்தாள் எழுதும் பேச்சில் 'செல்ஃப் நாய்ஸ்' (மைக் தானாகவே எழுப்பும் இரைச்சல்) என்பதற்கு இதுவரை உள்ளிரைச்சல், சீறல், சுய இரைச்சல் என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. நான் நான்காவதாக ஒன்றை முன்வைக்கிறேன்: தன்னிரைச்சல்.

> உள்ளிரைச்சல் போதுமே, எளிதாக இருக்கிறது.

எளிதுதான். ஆனால் ஸ்டுடியோவில் 'உள்ளே' என்றால் எல்லாருக்கும் அறைதான் நினைவுக்கு வரும். ஏசி, கணினியின் விசிறி, நாற்காலி கிரீச்சிடுவது எல்லாம் அறையின் இரைச்சல். நாம் பெயர் தேடுவது வேறு ஒன்றுக்கு: ஒரு சத்தமும் இல்லாத அறையில் வைத்தாலும் மைக் தானாகவே எழுப்பும் அந்த மெல்லிய 'உஸ்'. கண்டென்சர் மைக்கில் (மின்னூட்டம் பெற்ற மெல்லிய சவ்வு அசைந்து ஒலியைப் பிடிக்கும் வகை) அது மின்சுற்றிலிருந்தும் வருகிறது, காற்றின் மூலக்கூறுகள் ஓயாமல் சவ்வில் மோதுவதாலும் வருகிறது.

சீறல் நல்ல சொல், ஆனால் அதைப் பாடகரின் ச, ஸ ஒலிகள் காதைக் கீறும் சிக்கலுக்கு வைத்துக்கொள்ளலாம், அங்கேதான் அது கச்சிதமாகப் பொருந்துகிறது. சுய இரைச்சலில் தவறில்லை, இருந்தாலும் தன்னாட்சி, தன்னிறைவு என்று பழகிய நாக்குக்குத் தன்னிரைச்சல் இயல்பாக வரும், ஒரே சொல்லாகவும் நிற்கும்.

இதில் இவ்வளவு பிடிவாதம் எதற்கு என்றால், உள்நாட்டுக் கண்டென்சர் மைக் வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டிய எண் இதுதான் என்பது என் கருத்து. கேப்ஸ்யூலை, அதாவது சவ்வு இருக்கும் பகுதியை, வெளியே வாங்கி, மின்சுற்றையும் கூட்டையும் மட்டும் தாங்களே செய்யும் சிறு தயாரிப்பாளர்கள் உண்டு. அவர்களுடைய கைத்திறன் தெரியும் இடம் மின்சுற்று. கேப்ஸ்யூலை ஒட்டிய பகுதியில் மின்தடை கிகா ஓம் கணக்கில் இருக்கும், அங்கே பற்றவைத்தபின் ஃப்ளக்ஸை (பற்றவைக்கப் பூசும் பசை) சரியாகத் துடைக்காமல் விட்டாலோ ஈரம் படிந்தாலோ மின்சாரம் கசிந்து இரைச்சல் கூடும், சில நேரம் படபடவென்று வெடிக்கும் சத்தமும் சேரும். டிரம்ஸில் யாருக்கும் கேட்காது. மெல்லப் பேசும் குரலையோ மென்மையான கம்பி வாத்தியத்தையோ பதிவு செய்து கெய்னை (ஒலிப்பெருக்கத்தை) ஏற்றும்போது தெரிந்துவிடும்.

> எண்ணை மட்டும் போட்டால் போதாதா, சொல் எதற்கு?

எண் மட்டும் இருந்தால் ஏமாற்றும். ஒரே மைக்கை ஏ-வெயிட்டிங் என்ற முறையில் அளந்தால் 14 டெசிபெல், ஐடியு 468 என்ற இன்னொரு முறையில் அளந்தால் அதைவிடச் சுமார் 11 டெசிபெல் கூடுதல். இன்னும் சிலர் தன்னிரைச்சலைப் போடாமல் 'சிக்னல் டு நாய்ஸ் 80' (ஒலிக்கும் இரைச்சலுக்கும் உள்ள வித்தியாசம்) என்று பெரிய எண்ணாகப் போடுவார்கள், அதை அந்த அளவுக்கு அடிப்படையான 94 டெசிபெல் ஒலியிலிருந்து கழித்தால் அதே 14 வரும். நேர்மையாக 25 என்று அச்சிட்ட உள்நாட்டு மைக்கை ஒதுக்கிவிட்டு, வேறு முறையில் அளந்து 14 போட்ட வெளிநாட்டு மைக்கை வாங்குவது அநியாயம். அதனால் 'தன்னிரைச்சல்: 14 டெசிபெல், ஏ முறை' என்று அளவுமுறையோடு சேர்த்து எழுத வேண்டும். டைனமிக் மைக்குகளுக்கு (காந்தமும் கம்பிச்சுருளும் கொண்டு இயங்கும் வகை) இந்த வரி பெரும்பாலும் தேவைப்படாது, அங்கே ப்ரீஆம்ப்பின் (மைக்கின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் கருவி) இரைச்சல்தான் முந்திக்கொள்ளும்.

அப்புறம், இந்த 'வெயிட்டிங்' என்பதற்கும் ஒரு சொல் வேண்டும். எடையிடல் என்றால் படிப்பவருக்குத் தராசுதான் தெரியும். காது எந்த அதிர்வெண்ணை எவ்வளவு கேட்கிறதோ அதற்கேற்ப அளவைத் திருத்துவதுதானே அது, 'செவித்திருத்தம்' சரியாக இருக்குமா? மறுப்பு இருந்தால் எழுதுங்கள், இல்லையென்றால் இரண்டு சொற்களையும் நம் சொற்பட்டியலில் சேர்த்துவிடலாம்.