புதுப்பிப்பு: கிரேடு ஏ-வில் (மருந்து ஆலையின் மிகத் தூய்மையான பகுதி) 5 மைக்ரான் துகள் எண்ணிக்கை எகிறியதற்குக் காரணம் கிடைத்தது

கைகொடுத்த எல்லோருக்கும் நன்றி. மருந்து நிரப்பும் லைனின் காற்றில் 5 மைக்ரான் துகள்கள் அவ்வப்போது கனமீட்டருக்கு 29 என்ற வரம்பைத் தாண்டுகின்றன, 0.5 மைக்ரான் துகள் எண்ணிக்கை அமைதியாக இருக்கிறது, செட்டில் பிளேட்டிலும் (காற்றிலிருந்து விழும் கிருமிகளைப் பிடிக்கத் திறந்து வைக்கும் தட்டு) எதுவும் வளரவில்லை என்று கேட்டிருந்தேன். நான் சந்தேகப்பட்ட ஹெப்பா ஃபில்டர் (காற்றை வடிகட்டுவது) கசிவுச் சோதனையில் தேறிவிட்டது. “மாதிரிக் குழாயைப் பாருங்கள்” என்றவர் சொன்னதுதான் சரி. காற்றைத் துகள் எண்ணும் கருவிக்கு (கவுன்டர்) கொண்டுபோகும் இரண்டு மீட்டர் குழாய், மேசைக்கடியில் ஒரு கூர்மையான வளைவு. பெரிய துகள்கள் அங்கே படிந்து, அதிர்வில் கொத்தாக உதிர்ந்திருக்கின்றன. விரலால் சுண்டியதுமே திரையில் எண் துள்ளியது! கவுன்டரை நகர்த்தி ஒரு மீட்டருக்குள் புதுக் குழாய் போட்டோம். மூன்று வாரமாகத் தொல்லை இல்லை. அப்புறம், எதிர்பாராத ஒன்று: ரப்பர் மூடிகளைக் கொட்டும்போது மட்டும் வரம்புக்குள்ளேயே சின்ன எகிறல் தெரிகிறது. அது நிஜத் துகள். முன்பு குழாயின் கூத்தில் மறைந்திருந்தது.