காரைக்கால் மாதிரி நெனச்சு மால்மோவுல வீடு பாக்காதீங்க

ஆடிப்பெருக்குக்கு மாயவரம் வந்திருக்கேன். வந்த நாலு நாள்ல மூணு பேர் திண்ணையில வந்து உக்காந்து ஒரே கேள்வியக் கேட்டுட்டாங்க. "அக்கா, வேலை டென்மார்க்ல, கோபன்ஹேகன்ல. கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஸ்வீடன்ல இருக்கற மால்மோவுல வாடகை கம்மியாமே, அங்க தங்கிக்கலாமா?" பயோடெக் முடிச்சுட்டு இந்த வருஷம் கெளம்புற டெல்டாப் புள்ளைங்க எல்லாருக்கும் சேத்தே எழுதிடறேன்.

தங்காதீங்க. நான் தங்கிப் பட்டவ.

மருந்து, பயோடெக் கம்பெனிங்க நெறஞ்ச இந்தப் பகுதிய மெடிக்கான் வேலின்னு ஒரே பேரா சொல்றதால நமக்குக் கொழப்பம் வருது. கோபன்ஹேகனச் சுத்தின டென்மார்க் பகுதியும், கடலுக்கு அந்தக் கரையில ஸ்வீடனோட தென்கோடி ஸ்கோனேயும் சேந்ததுதான் அது. டென்மார்க் கரையில மருந்து கம்பெனிங்க: பாக்ஸ்வேர்ட்ல நோவோ நார்டிஸ்க், வால்பீல லுண்ட்பெக், பாலெருப்ல லியோ ஃபார்மா. ஸ்வீடன் கரையில 1666ல ஆரம்பிச்ச லுண்ட் பல்கலைக்கழகம், பக்கத்துலயே மேக்ஸ் ஃபோர்ங்கற எக்ஸ்ரே ஆய்வுக்கூடம். 2000 ஜூலைல ஓரெசுண்ட் பாலம் தொறந்ததுலேர்ந்து கோபன்ஹேகன்லேர்ந்து மால்மோவுக்கு ரயில்ல முக்கா மணி நேரம்கூட ஆகாது. கொஞ்ச தூரம் கடலுக்கு அடியில சுரங்கம், நடுவுல மனுஷன் கட்டின ஒரு தீவு, அப்புறம் பாலம்.

பொறையார்ல ஏறி நண்டலாறு தாண்டினா காரைக்கால். பெட்ரோல் வெல மாறும், வண்டி நம்பர் பிஒய்னு மாறும், ரேஷன் கார்டு வேற. ஆனா அங்க குடியிருந்துகிட்டு இங்க வேலைக்கு வர்றத யாரும் கேக்க மாட்டாங்க. நானும் அப்படித்தான் நெனச்சேன். ஒரு வீட்டு புரோக்கர் வேற "ஷெங்கன்தானே, ஒண்ணும் பிரச்சினை இல்ல"ன்னு சொன்னார். நம்பி மூணு மாச அட்வான்ஸ் கட்டினேன்.

ஷெங்கன்ங்கறது ஐரோப்பிய நாடுங்க பல சேந்து எல்லையத் தொறந்து விட்ட ஏற்பாடு. அது நமக்குப் போய்ட்டு வர்றதுக்கு மட்டும்தான், 180 நாள்ல 90 நாள். குடியிருக்கறதுக்கு இல்ல. அந்த ரெண்டு நாட்டுக்காரங்களுக்கும் ரெண்டு கரையும் ஒண்ணு. இந்திய பாஸ்போர்ட்டுக்கு அப்படி இல்ல. டென்மார்க் பர்மிட் வச்சுகிட்டு ஸ்வீடன்ல குடியேற முடியாது. ஸ்வீடன் பர்மிட் வச்சுகிட்டு டென்மார்க்ல வேல பாக்க முடியாது. படிச்ச வெளிநாட்டு ஆளுங்களுக்கு வேல பாக்கக் குடுக்கற ஐரோப்பிய நீல அட்டை (ப்ளூ கார்டு) இருக்கேன்னு ஒரு தம்பி கேட்டான். டென்மார்க் அந்தத் திட்டத்துலயே சேரல.

எனக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னா, ஒருநாள் சாயங்காலம் பாலம் தாண்டினதும் வர்ற ஹில்லி ஸ்டேஷன்ல போலீஸ் ரயில்ல ஏறினாங்க. என் டென்மார்க் பர்மிட் கார்டத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு ஒரு போலீஸம்மா மெதுவா, "நீங்க குடியிருக்கறது எங்க?"ன்னு கேட்டாங்க. எனக்கு வாய் வரல. மறுநாளே விசாரிச்சு, அந்த வாரமே வீட்டக் காலி பண்ணினேன். அட்வான்ஸ் திரும்பி வரவே இல்ல. அதனால வேலை எந்தக் கரையோ வீடும் அந்தக் கரையில. ஞாயித்துக்கெழம அந்தப் பக்கம் சுத்தப் போனாலும் பாஸ்போர்ட்டும் கார்டும் பையில இருக்கணும்.

கோபன்ஹேகன் வாடகை ஜாஸ்திதான், இல்லங்கல. மூணு மாச டெபாசிட்டும் மூணு மாச முன்வாடகையும் வரைக்கும் கேக்கச் சட்டம் எடம் குடுக்குது. மொத சம்பளம் வர்றதுக்கு முன்னாடியே அது கையில இருக்கணும். அப்பாகிட்ட இப்பவே சொல்லி வைங்க.

பிஎச்டி போறவங்களுக்கு: ரெண்டு நாட்டுலயும் சம்பளம் உண்டு. டென்மார்க்ல 3 வருஷம், ஸ்வீடன்ல 4. என்னைக் கேட்டா, அடிப்படை ஆராய்ச்சியில ஆசை இருக்கறவங்க லுண்ட் பாருங்க, கம்பெனி வேலைன்னா கோபன்ஹேகன். ஒரு கம்பெனி மூடினாலும் ஆளுங்க ஊர விட்டு ஓட வேண்டியதில்லங்கறதுதான் இந்த எடத்தோட பலம். லுண்ட்ல ஆஸ்ட்ராஜெனெகாங்கற மருந்து கம்பெனி மூடிட்டுப் போன அதே கட்டடங்கள்லதான் 2012ல மெடிக்கான் வில்லேஜ்ங்கற ஆராய்ச்சி வளாகத்தத் தொறந்தாங்க. இப்ப அங்க சின்னச் சின்ன கம்பெனிங்க நெறைய.

இன்னொண்ணு, பேரு. இனிஷியல் வச்ச நமக்கு பாஸ்போர்ட்ல ஒரு மாதிரி, சர்ட்டிபிகேட்ல ஒரு மாதிரி இருக்கும். பாஸ்போர்ட்ல உள்ளதையே எல்லாத்துலயும் போடுங்க. வீட்டுத் தபால்பெட்டியிலயும் அதையே ஒட்டுங்க. டென்மார்க்ல டாக்டர்கிட்டப் போறதுக்குக் குடுக்கற மஞ்சள் ஹெல்த் கார்டு தபால்லதான் வரும், பேர் இல்லாத பெட்டியில போடாமத் திருப்பி அனுப்பிடுவாங்க.

நெய், பால்கோவா கொண்டு போகக் கூடாது, பால் பொருளுக்குத் தடை. பச்சக் கறிவேப்பிலையும் வேணாம். காபித்தூள் தாராளமா எடுத்துக்குங்க.

நம்மூருக்கும் டென்மார்க்காரங்களுக்கும் 400 வருஷப் பழக்கம். 1620ல தரங்கம்பாடிய அவங்களுக்குக் குடுத்த தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர் தங்க ஓலையில தமிழ்ல எழுதி அனுப்பின கடிதம் இன்னும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்துல இருக்கு. வீட்டு நெனப்பு வந்தப்பல்லாம் அத நெனச்சுக்குவேன்.

ஆவணி பொறந்ததும் கெளம்பிடுவேன். அதுக்குள்ள மாயவரம் பக்கம் வர்றவங்க ஆஃபர் லெட்டரோட வாங்க, வரி வரியா சேந்து படிச்சுப் பாத்துடலாம்.