பெருந்தொற்றுக் கால ஆட்சியாளர்களை விமர்சிப்பது தவறா?

கேள்வி (பாம்பன்):
2020 மார்ச் 24 அன்று இரவு 8 மணிக்குப் பிரதமர் அறிவித்த 21 நாள் ஊரடங்கு, அன்று நள்ளிரவே நடைமுறைக்கு வந்தது. வியாபாரிகளின் வண்டி வராமலும் ஐஸ் கிடைக்காமலும், நண்டையும் கணவாயையும் நாட்டுப்படகு மீனவர்கள் அடிமாட்டு விலைக்குக் கொடுத்தார்கள். இதைச் சொன்னால், உயிர் காத்தவர்களைத் தூற்றாதே என்று வாயடைக்கிறார்கள். உங்கள் கருத்து என்ன?

மறுமொழி (தொண்டி):
அண்ணன் கேட்பது நியாயம். ஊரடங்கு தேவைதான், அவகாசம் தராததே பிழை. மீன்பிடிப்புக்கு மத்திய அரசு ஏப்ரல் 10 அன்றுதான் விலக்கு அளித்தது; ஏப்ரல் 15 அன்று, மீன்கள் பெருக ஆண்டுதோறும் விதிக்கும் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி விசைப்படகுகள் மறுபடியும் முடங்கின. அவ்வாண்டு தடைக்காலத்தை 61 நாளிலிருந்து 47 நாளாகக் குறைத்தது நல்ல முடிவு, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மறுமொழி (மண்டபம்):
ஊரடங்கில் தமிழக அரசு குடும்ப அட்டைக்குக் கொடுத்த 1,000 ரூபாய், கடற்பாசி எடுத்துப் பிழைக்கும் பெண்களின் வீட்டில் எத்தனை நாளுக்குத் தாங்கும்? இணையத்தில் குறை சொல்வோர் மீது நடவடிக்கை எடுத்தால் அதை நீதிமன்ற அவமதிப்பாகக் கருதுவோம் என்று 2021 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றமே எச்சரித்தது.

மறுமொழி (கீழக்கரை):
ஒரு கட்சியை மட்டும் சாடுவது முறையாகாது. 2021 ஏப்ரல் 6 தேர்தலுக்கு எல்லாக் கட்சிகளும் கூட்டம் கூட்டின. அதைத் தடுக்காத தேர்தல் ஆணையத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது.