மூணு ஸ்விட்ச்சுக்கும் மேனேஜ்மென்ட் ஐபி போட்டாச்சு, டெஸ்க்ல இருந்து ஒண்ணுதான் கிடைக்குது

நிட்டிங்_நெட்
வணக்கம். திருப்பூர்ல ஒரு நிட்டிங் யூனிட்ல சிஸ்டம் வேலை பாக்கறேன். இங்க சிஸ்கோ 2960 ஸ்விட்ச் மூணு இருக்கு, எதுக்குமே மேனேஜ்மென்ட் ஐபி (தூரத்துல இருந்து ஸ்விட்ச்சுக்குள்ள போறதுக்கான அட்ரஸ்) கிடையாது, எது மாத்தணும்னாலும் கான்சோல் கேபிளும் லேப்டாப்பும் தூக்கிட்டு ஏணி ஏறணும். அதனால விலேன் (ஸ்விட்ச்சுக்குள்ளயே தனியா பிரிச்ச நெட்வொர்க்) 99-ல 192.168.99.11, 12, 13-னு மூணுக்கும் குடுத்தேன், மாஸ்க் 255.255.255.0, ரவுட்டர் பக்கம் 192.168.99.1. என் டெஸ்க் பிசி விலேன் 10. இப்ப 11 பிங் ஆகுது (பதில் வருது). 12-க்கு டெஸ்க்ல இருந்து பதில் இல்ல, ஆனா முதல் ஸ்விட்ச்சுக்குள்ள போய் அங்கிருந்து அடிச்சா வருது. 13 எங்கிருந்தும் வரல, ஷோ ஐபி இன்டர்ஃபேஸ் ப்ரீஃப்ல விலேன் 99-க்கு நேரா ப்ரோட்டோகால் டவுன்னு இருக்கு. ஆனா அதுல மாட்டியிருக்கற பிசி எல்லாம் நல்லா ஓடுது!! போர்ட் ஒவ்வொண்ணுக்கும் தனியா ஐபி போடணுமா அண்ணா?

பழைய_ரேக்
வேண்டாம் தம்பி. 2960 மேக் அட்ரஸ் (நெட்வொர்க் கார்டோட நம்பர்) பாத்து ஃப்ரேம அனுப்பற லேயர் 2 பெட்டி, ஐபியே இல்லன்னாலும் பிசிங்க ஓடும், 13-ல ஓடறதும் அப்படித்தான். நாம போடற ஐபி ஸ்விட்ச்சுக்குள்ள நாம போறதுக்கு மட்டும், அதுக்கு ஒரு இன்டர்ஃபேஸ் விலேன் போதும்.

12-ம் 13-ம் வேற வேற பிரச்சினை. 12-ல "ஐபி டீஃபால்ட்-கேட்வே 192.168.99.1" இருக்கான்னு பாருங்க, இருக்காதுன்னு நினைக்கறேன். உங்க பிங் அதுவரைக்கும் போயிருது, பதில் 192.168.10 பக்கம் திரும்பணும், அது வேற சப்நெட் (வேற ஐபி குரூப்), யார்கிட்ட குடுக்கறதுன்னு ஸ்விட்ச்சுக்குத் தெரியல. முதல் ஸ்விட்ச் அதே சப்நெட்ல இருக்கறதால அதுக்கு கேட்வே தேவையில்ல, அதான் அங்கிருந்து வருது.

13-ல முதல்ல ஷோ விலேன் ப்ரீஃப் அடிங்க. இன்டர்ஃபேஸ் விலேன் 99-னு அடிச்சு ஐபி குடுத்தா மட்டும் விலேன் உருவாகிடாது, "விலேன் 99"னு தனியா குடுத்திருக்கணும், அப்புறம் அந்த விலேன்ல ஒரு போர்ட்டாவது இல்ல ஒரு டிரங்காவது (பல விலேன ஒரே கேபிள்ல கொண்டு போற லிங்க்) அப்ல இருக்கணும், அப்பத்தான் ப்ரோட்டோகால் அப் ஆகும். 99 லிஸ்ட்ல இருந்தா ஷோ இன்டர்ஃபேஸஸ் டிரங்க் பாருங்க, அலௌட் லிஸ்ட்ல 99 இருக்கணும், கேபிளோட ரெண்டு முனைலயும்.

டிரங்க்_போர்ட்
அண்ணன் சொன்னதோட இதையும் சேத்துக்கோங்க, தயவு செஞ்சு கவனமா படிங்க. டிரங்க்ல 99-ஐ சேக்கும்போது "ஸ்விட்ச்போர்ட் டிரங்க் அலௌட் விலேன் ஆட் 99"னு அடிக்கணும். அந்த "ஆட்" விட்டுட்டா இருக்கற லிஸ்ட் முழுசா போயி 99 மட்டும் நிக்கும், விலேன் 10-ல இருக்கற மொத்த ஆபீசும் அந்த நொடியே கட். ஷிஃப்ட் ஓடற நேரத்துல இத பண்ணாதீங்க. தூரத்துல இருந்து டிரங்க தொடறதா இருந்தா முதல்ல ரைட் மெமரி (கான்ஃபிக் சேவ்), அப்புறம் "ரீலோட் இன் 10" போட்டுட்டு மாத்துங்க, லைன் போயிட்டாலும் பத்து நிமிஷத்துல ரீபூட் ஆகி பழைய கான்ஃபிக்ல வந்துரும், நல்லா இருந்தா ரீலோட் கேன்சல். நடுவுல சேவ் மட்டும் பண்ணிடக்கூடாது.

லேயர்_ரெண்டு
மூணு ஸ்விட்ச்சுக்கு எதுக்கு 99, விலேன் 1-லயே போட்டா இந்த டிரங்க் தலைவலியே இல்லயே?

பழைய_ரேக்
போடலாம், வேலை செய்யும். ஆனா எல்லா போர்ட்டும் டீஃபால்ட்டா விலேன் 1-லதான் இருக்கு, யாராவது காலியா இருக்கற போர்ட்ல ஒரு வயர சொருகினா நேரா ஸ்விட்ச்சோட லாகின் முன்னாடி நிப்பாங்க. யூனிட்ல கேமரா, பயோமெட்ரிக், பார்சல்காரர் லேப்டாப்னு எத்தனையோ வரும். 99-ங்கற நம்பர்ல ஒண்ணும் இல்ல, 50-னும் வைக்கலாம், தனியா இருக்கணும், அவ்வளவுதான். கூடவே ஆக்சஸ்-கிளாஸ் (எந்த ஐபி லாகின் பண்ணலாம்னு கட்டுப்படுத்தற லைன்) போட்டு உங்க டெஸ்க் ஐபிய மட்டும் விடுங்க. லைன் விடிஒய் (தூரத்துல இருந்து லாகின் பண்ற லைன்) 0-ல இருந்து 15 வரைக்கும் போடுங்க தம்பி, நிறைய பேர் 0 4-னு போட்டுட்டு மிச்சத்த அப்படியே விட்டுடறாங்க. டெல்நெட் வேண்டாம், டிரான்ஸ்போர்ட் இன்புட் எஸ்எஸ்ஹெச் (என்கிரிப்ட் ஆன லாகின்), அதுக்கு ஆர்எஸ்ஏ கீ 2048.

நிட்டிங்_நெட்
ரொம்ப நன்றி அண்ணா! 12-ல கேட்வே லைன் இல்ல, போட்டதும் பிங் வந்துருச்சு. 13-ல விலேன் 99 இருந்துச்சு, டிரங்க் லிஸ்ட்லதான் இல்ல, சாயந்திரம் ஷிஃப்ட் மாறும்போது "ஆட்" போட்டு சேத்தேன், உடனே அப். இன்னொரு கேள்வி, அடுத்த மாசம் 3560 (ரவுட்டிங்கும் பண்ற ஸ்விட்ச்) ஒண்ணு வருது, ரவுட்டிங்க அதுலயே வைக்கச் சொல்றாங்க. அதுலயும் இதே டீஃபால்ட்-கேட்வே லைன்தானா?

டிரங்க்_போர்ட்
இல்ல ப்ரோ. ஐபி ரவுட்டிங் ஆன் பண்ணிட்டா அந்த லைன அது கண்டுக்காது. "ஐபி ரவுட் 0.0.0.0 0.0.0.0" போட்டு பக்கத்துல ரவுட்டர் ஐபி குடுங்க. 192.168.99.1 அப்ப 3560-க்கு மாறிடும், அதனால ரவுட்டர்ல அத முதல்ல எடுத்துருங்க, ரெண்டுலயும் இருந்தா டூப்ளிகேட் ஐபி ஆகி மூணு 2960-யும் விட்டு விட்டு கிடைக்கும்.