1855இல் வட்டுக்கோட்டை செமினரியை மூடியது காசா, மிஷனா?

பனங்கூடல்: "வட்டுக்கோட்டை செமினரி நிதி இல்லாமல்தான் மூடப்பட்டது" என்று, யாழ்ப்பாணத்தில் அமெரிக்கக் கிறிஸ்தவ மிஷன் நடத்திய அந்த உயர்கல்விக்கூடத்தைப் பற்றி நேற்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். வாசித்ததும் வயிறு எரிந்தது. 1855இல் அமெரிக்க மிஷனின் செயலாளர் ரூஃபஸ் அண்டர்சன் பொஸ்டனில் இருந்து வந்து பார்த்தார். ஆங்கிலம் படித்த பெடியள் அரசாங்க வேலைக்குப் போகிறார்கள், சபை ஊழியத்துக்கு வருவதில்லை என்பதுதான் அவருடைய குறை. 1823இல் தொடங்கிய செமினரி அந்த வருஷமே மூடப்பட்டது. இதில் நிதி எங்கே வந்தது?

கணக்கர்: எழுதியது நான்தான். காசு அமெரிக்காவில் இருந்து வந்தது. காசு போட்டவன் கணக்குக் கேட்பான். அதற்குப் பெயர் நிதி.

பனங்கூடல்: அண்ணை, அவர்கள் கேட்டது காசுக் கணக்கில்லை, ஆத்துமக் கணக்கு. பிள்ளையின் பெயரையே மாற்றிய இடம் அது. கறல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை. கறலும் நெவின்சும் எந்த ஊர்ப் பெயர்கள்?

வழிப்போக்கன்: திருச்சபை மேற்பார்வை என்றால் என்ன என்று முதலில் பேசிக்கொள்ளலாமே?

வண்ணை: மிஷனின் அந்தப் பிடி தாங்காமல்தான் ஆறுமுக நாவலர் 1848இலேயே வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார்.

கணக்கர்: நாவலரும் மிஷன் பள்ளியில் படித்து, பேர்சிவல் பாதிரியாருக்கு பைபிள் மொழிபெயர்ப்பில் உதவியவர்தான். அதை ஏன் தம்பி விழுங்குகிறாய்?

வண்ணை: நான் எதையும் விழுங்கவில்லை. மிஷனின் உதயதாரகை பத்திரிகை 1841இல் வந்தது என்று போன மாதம் சொன்னதற்கும் இப்படித்தான் பாய்ந்தீர்கள். பிழை உங்களுடையது என்று தெரிந்த பிறகும் ஒரு சொல் வரவில்லை.

மயிலாப்பூர்: 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் விசுவநாதபிள்ளை, சி.வை. தாமோதரம்பிள்ளை. இரண்டு பேரும் அந்த செமினரியில் படித்தவர்கள். ஆனால் பட்டம் கொடுத்தது எங்கள் சென்னை.

பனங்கூடல்: தாமோதரம்பிள்ளை பெயரை முதலில் போடுங்கள் ஐயா, முதல் பட்டதாரி அவர். அப்புறம், இப்படிப்பட்டவர்களை உருவாக்கிய இடத்தையா மூடினார்கள் என்று யோசியுங்கள். டெனன்ட் என்ற பிரிட்டிஷ் அதிகாரி நேரில் பார்த்துவிட்டு, ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களோடு ஒப்பிடலாம் என்று எழுதிய படிப்பு அது!

கணக்கர்: 1872இல் அதே வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரி திறந்ததே, காசில்லாமலா? நிதி, தம்பி, நிதி.

பனங்கூடல்: நடுவில் 17 வருஷம். அந்த 17 வருஷத்தில் படிக்கிற வயதில் இருந்த பெடியளுக்கு உங்கள் நிதிக் கணக்கு என்ன பதில் சொல்லும்? அண்டர்சனின் முடிவைப் பற்றி ஒரு வரியாவது எழுதுங்கள்.

கணக்கர்: எழுதிவிட்டேன். மேலே போய்ப் பார்.

பனங்கூடல்: பார்த்தேன். நிதி என்ற சொல் மட்டும்தான் இருக்கிறது.