ஊழியத்துக்குப் போகும் தம்பியின் வீட்டாருக்கு உதவி தேவை

அன்பு உறவுகளே, சுங்கை சிப்புட் வட்டாரக் கிறிஸ்தவச் சபையின் இளைஞர் குழுவிலிருந்து எழுதுகிறோம்.

செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் தம்பி ஒருவர், சிரம்பானில் உள்ள செமினரி தியோலோஜி மலேசியாவில் தமிழில் இறையியல் படிக்கப் போகிறார். அம்மாவும் தங்கையும் இங்கேயே இருப்பார்கள். அவர்கள் கிறிஸ்தவர்கள் அல்ல.

பெரிய சிக்கல் வீடுதான். தோட்ட வீடு வேலையோடு வருவது. வேலையை விட்டால் வீட்டையும் காலி செய்ய வேண்டும். கடிதம் கொடுத்த பிறகு வீடு தேடினால், அவசரத்தில் கிடைத்த வாடகைக்குத் தலையாட்ட வேண்டிவரும். அதனால் முதலில் வீடு, பிறகுதான் ராஜினாமா. டவுனில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் இரண்டு அறை வீடு தெரிந்தால் சொல்லுங்கள்.

அடுத்தது ஊழியர் சேமநிதி. 2024 மே முதல் சந்தாவில் 10 விழுக்காடு எப்போதும் எடுக்கக்கூடிய கணக்குக்குப் போகிறது. அதைக் கல்விக் கட்டணத்துக்கே துடைத்து எடுத்தால், வீட்டுக்கு அவசரமென்றால் கையில் எதுவும் இருக்காது. அவருக்கு ஏதாவது நேர்ந்தால் சேமநிதிப் பணம் அம்மாவுக்குப் போகும்படி, அம்மாவை நியமனதாரராகப் பதிந்துவிட்டுக் கிளம்பச் சொல்லியிருக்கிறோம். அங்கே தமிழில் படித்தவர்கள், கட்டணம் போக மாதச் செலவு எவ்வளவு ஆகும் என்று எழுதுங்கள்.

வீட்டாரிடம் விடைபெறக்கூடத் திரும்பிப் பார்க்காமல் பின்பற்றச் சொல்லும் லூக்கா 9-ஐக் காட்டி "உடனே கிளம்பு" என்று அவசரப்படுத்த வேண்டாம். பெற்றோருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொர்பான், அதாவது கடவுளுக்குக் காணிக்கை, என்று சொல்லிப் பெற்றோரைக் கைவிட்டவர்களை மாற்கு 7-இல் இயேசுவே கண்டித்தார்.

அம்மாவை கிளினிக்குக் கூட்டிப்போக ஒரு அக்கா வேண்டும். போகிறவர் மதப் பேச்சை எடுக்கக்கூடாது. மகனைப் பறித்துக்கொண்டார்கள் என்ற வேதனை அம்மாவுக்கு ஏற்கெனவே இருக்கிறது. முடிந்தவர்கள் குழுவிலேயே பதில் போடுங்கள்.