எஃப்7-இல் சிக்கிய குதிரை

நான் சொல்லப்போவது நான் தோற்ற ஒரு சதுரங்க ஆட்டம். மறக்க முடியாததும் அதுதான்.

இலங்கை மலைநாட்டில், நுவரெலியாவில் ஒரு பாடசாலை மண்டபத்தில், ஜனவரி மாதம் நடந்த போட்டி. ஹட்டனில் முதல் பஸ் ஏறி, தலவாக்கலை, நானுஓயா தாண்டிப் போய் இறங்கும்போதே கை விறைத்துப்போனது. ஊர் 1,800 மீட்டருக்கு மேலே. காய்களைத் தொட்டால் சில்லென்று இருக்கும்.

மூன்றாவது சுற்றில் எதிரே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பெண்பிள்ளை, பன்னிரண்டு வயது இருக்கும். எனக்கு வெள்ளை. காய் போய் நிற்கும் கட்டத்தின் பெயரால், வெள்ளை, கறுப்பு என்று மாறி மாறி நகர்வுகளைச் சொல்கிறேன்: இ4, இ5, குதிரை எஃப்3, குதிரை சி6, பிஷப் சி4, குதிரை எஃப்6. நான்காவது நகர்வில் குதிரையை ஜி5-இல் வைத்தேன். அவளுடைய எஃப்7 சிப்பாய்க்கு ராஜா மட்டும்தான் காவல். என் பிஷப்பும் குதிரையும் அதைத்தான் குறி வைக்கின்றன. வழக்கமாகக் கறுப்பு, சிப்பாயை டி5-இல் போட்டு பிஷப்பின் வழியை மறிக்கும். அதற்கு மேல் எனக்கு எல்லாம் மனப்பாடம்.

அவள் பிஷப்பை சி5-இல் வைத்தாள். எஃப்7 திறந்தே கிடந்தது!

யோசிக்காமல் குதிரையால் வெட்டினேன். ராணி, யானை இரண்டுக்கும் ஒரே அடி. அப்புறம்தான் தொடங்கியது. அவளுடைய பிஷப் எஃப்2-இல் வெட்டி செக், ராஜாவால் வெட்டினேன். குதிரை இ4-இல் வெட்டி மறுபடி செக், ராஜா ஜி1. அவளுடைய ராணி எச்4-க்கு வந்தது, விட்டால் அடுத்தது மேட், ஆட்டம் முடிந்துவிடும். ஜி3 போட்டேன், அதையும் குதிரை வெட்டியது. அந்தக் குதிரையைச் சிப்பாயால் எடுத்தேன், ராணி ஜி3-இல் செக். ராஜா எஃப்1-க்குப் போனதும், அவள் யானையை மெதுவாக எஃப்8-க்கு நகர்த்தினாள். ராணியையும் யானையையும் மிரட்டி நின்ற என் குதிரை இப்போது அசையவே முடியாது. நகர்ந்தால் அந்த யானையின் வழி திறந்து என் ராஜாவுக்கு செக். ராணியை எச்5-க்குக் கொண்டுபோயிருந்தால் இன்னும் போராடியிருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை.

பிஷப்பை சி5-இல் வைக்கும் இந்த எதிர்த்தாக்குதலுக்கு டிராக்ஸ்லர் என்று பெயர். பொஹீமியாவை (இன்றைய செக் குடியரசின் ஒரு பகுதி) சேர்ந்த பாதிரியார் காரெல் டிராக்ஸ்லர் 1890-இல் இதை ஆடி 17 நகர்வில் மேட் வைத்திருக்கிறார்.

கை கொடுத்த பிறகு அவளே காய்களை மறுபடி அடுக்கினாள். "அண்ணே, குதிரையால வெட்டாம பிஷப்பால வெட்டி செக் சொல்லியிருக்கணும். என் ராஜா நகர்ந்திரும், அப்புறம் காஸ்லிங் பண்ணி ராஜாவ ஓரமா ஒளிக்க முடியாது. உங்களுக்கு ஒரு சிப்பாய் கூடுதலா இருக்கும்." கட்டம் போட்ட கொப்பியில் பென்சிலால் எழுதிய வரிசையை விரலால் தொட்டுக் காட்டினாள். வாசலில் அவளுடைய அப்பா போத்தலில் பிளேன்டீயோடு காத்துக்கொண்டிருந்தார்.

இப்போது நான் பிள்ளைகளுக்குக் குதிரை ஜி5 சொல்லிக்கொடுக்கும்போது, முதலில் காட்டுவது பிஷப் சி5-ஐத்தான்.